ஒன்பதாம் நாள்

வீரிட்டு அலறியது கணினி. சின்னராசா கதிரையை இழுத்துக்கொண்டு மருமகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன பிள்ளை, என்ன நடந்தது?”

“காணாது மாமா. எண்பது மில்லியனோட நிண்டிட்டுது.”

கீர்த்தனி ஒலியை நிறுத்தினாள். திரையில் நீலக்கோடு கொஞ்சத் தூரம் ஏறி, பிறகு தட்டையாகப் படுத்துக் கிடந்தது.

சின்னராசாவின் ஒரே மகன் சிந்துஜனுக்கு இரத்தப் புற்றுநோய். வேறு மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு மிஞ்சியது ஒரேயொரு வழி. அவனுடைய இரத்தத்திலிருந்தே நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்து, புற்றுநோயைத் தேடிக் கொல்லும்படி மாற்றி, தொட்டியில் பெருக்கி, திரும்ப அவனுக்கே ஏற்றுவது.

செல்கள் கொழும்பிலிருந்து வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு விமானத்தில் போயின. ஒன்பதாம் நாள் இருநூறு மில்லியன் செல்கள் இருக்க வேண்டும். குறைந்தால் ஏற்ற மாட்டார்கள்.

கீர்த்தனி பல்கலைக்கழக வளாகத்தில் கணிதம் படிப்பிப்பவள். கணவனின் செல்கள் வளரும் தொட்டியைக் கணக்காகக் கணினிக்குள் கட்டியிருந்தாள். ஆய்வுகூடம் மணிக்கு மணி எடுத்த அளவுகளை மூன்று கடிதம் போட்டுக் கேட்டு வாங்கியிருந்தாள். அவற்றைக் கொடுத்தால், தொட்டிக்குள் ஒன்பது நாளும் நடப்பதைத் திரை சில நிமிடங்களில் காட்டிவிடும்.

“ஏன் வளருதில்லை? சாப்பாடு காணாதோ?”

“கூடிப்போச்சு மாமா. மூண்டாம் நாள் எல்லாற்ற தொட்டிக்கும் ஒரே அளவு ஊத்துவினம். அது அவையின்ர சட்டம். இவருக்கு மருந்து ஏத்தி ஏத்தி, செல்லே குறைவு. அவ்வளவு தண்ணிக்குள்ள அங்கொண்டு இங்கொண்டாத் தனிச்சுப் போச்சுது. நெருங்கி இருந்தாத்தான் பெருகும்.”

“எங்கட சனம் மாதிரி.”

சின்னராசா முப்பது வருடம் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவர். “பெரிய கப்பலுக்கும் சின்னக் கப்பலுக்கும் நான் ஒரே கயிறு போட்டிருந்தா, என்னை எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்கள்” என்றார்.

கீர்த்தனி மூன்றாம் நாளுக்குத் திரும்பினாள். உணவு ஊற்றுவதை ஒரு நாள் பிந்தவைத்து ஓட விட்டாள். கோடு முன்பைவிட உயரம் போனது. நூற்று நாற்பதில் களைத்து நின்றது. கணினி மறுபடி அலறியது.

குசினியிலிருந்து பூரணியின் குரல் வந்தது. “வாழைக்காய் வெட்ட ஆளில்லை. மாமாவும் மருமகளும் அறைக்குள்ள சோதினைக்குப் படிக்கினம்.”

“வாறம் மாமி, அஞ்சு நிமிசம்.”

“இன்னொருக்காப் பார் பிள்ளை” என்றார் சின்னராசா, குரலைத் தாழ்த்தி.

அவள் மீண்டும் மூன்றாம் நாளுக்குப் போனாள். இம்முறை இரண்டு நாள் பிந்தவைத்தாள். ஐந்தாம் நாள் பாதியளவு மட்டும் ஊற்றினாள்.

கோடு நகரத் தொடங்கியது. சின்னராசா திரையைப் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துறைமுகத்துக்குள் வரும் கோதுமைக் கப்பலின் சங்கு தூரத்தில் ஒலித்தது.

“மாமா, ஏறுது.”

“எவ்வளவு?”

“ஏழாம் நாள். நூற்றிருபது.”

“பிறகு?”

“எட்டாம் நாள். நூற்று அறுபத்தைஞ்சு.” அவள் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள். “நிக்கேல்ல மாமா. இன்னும் ஏறுது.”

ஒன்பதாம் நாள் திரை பச்சையானது. இருநூற்றுப் பதினான்கு மில்லியன்.

கீர்த்தனி அதே கணக்கை இன்னொரு தடவை ஓட்டினாள். அதே எண்தான் வந்தது.

“எங்கையும் பிழை இருக்குமோ?” என்று கேட்டார் சின்னராசா. பிழை இருக்க வேண்டும் என்று கெஞ்சுவதுபோல் இருந்தது அவர் கேட்ட விதம்.

“இல்லை மாமா. ஆய்வுகூடம் அனுப்பின வேற பதினெட்டு நோயாளரின்ர அளவுகளையும் போட்டுப் பாத்தனான். எல்லாம் அச்சொட்டாப் பொருந்துது.”

“அப்ப, ரெண்டு நாள் பிந்தி ஊத்தினாக் காணும்.”

“ஓம் மாமா. ரெண்டே ரெண்டு நாள்.”

சின்னராசா கண்ணாடியைக் கழற்றினார். தோளில் கிடந்த சால்வையால் அதைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இதை அந்த ஆய்வுகூடத்துக்கு இண்டைக்கே எழுதி அனுப்பு பிள்ளை.”

“அனுப்புறன்.”

“மாமிக்கு மட்டும் சொல்லாத. அவளால தாங்க ஏலாது.”

கீர்த்தனி தலையசைத்தாள். மடிக்கணினியை மூடக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. அந்தப் பச்சையை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கதவு திறந்தது. பூரணி ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வாசலில் நின்றாள். திரையைப் பார்த்தாள். இரண்டு பேரின் கண்களையும் பார்த்தாள்.

“எழும்புங்கோ ரெண்டுபேரும், சிந்துஜன்ர திவசத்துக்கு ஐயர் வந்திட்டார்.”