வேனில் ஒரு வளைகாப்பு

புயல் இரவுக்குள் கரையைக் கடக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே சீர்காழி ஆஸ்பத்திரியில் சேர்க்க, மீனவர் தெருவுக்கு வேன் வந்து நின்றது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். பூமிகாவை மட்டும் அவள் மாமியார் சௌந்தரநாயகி விடவில்லை.

“வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வளையல் போடாம தலைப்புள்ளைக்காரிய வாசல் தாண்ட விடமாட்டேன், நர்ஸம்மா.”

தொளதொளத்த மழைக்கோட்டுக்குள்ளிருந்து நர்ஸ் பிரகதீஸ்வரி பொறுமையாகச் சொன்னாள். “ரோட்டுல மரம் விழுந்த பிறகு வலி எடுத்தா யார் வர முடியும்? வளையல எடுத்துட்டு வாங்கம்மா. வண்டியிலேயே போட்டுடுவோம்.”

சௌந்தரநாயகி கரையை நோக்கி எழும்பிவந்த அலைகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வளையல்களை எடுத்துவந்து, மருமகளை ஏற்றி, வேனுக்குள்ளேயே அவள் கைகளை நிறைத்தாள்.

“நீங்களும் ஒண்ணு போடுங்க, நர்ஸம்மா.”

பிரகதீஸ்வரி வேனுக்குள் எட்டிக் கை நீட்டியபோது, காற்று அவள் மழைக்கோட்டை விலக்கியது. சௌந்தரநாயகியின் கண்கள் அவள் வயிற்றில் நின்றன.

“எத்தனாவது மாசம்?”

“ஒம்பது பொறந்துடுச்சு.”

“கை ஏன் வெறுங்கையா இருக்கு?”

“வளைகாப்புக்கு லீவு கிடைக்கலம்மா.”

“அடிப்பாவி! எல்லாரையும் ஏத்தி அனுப்பிட்டு நீ மட்டும் இங்க நிப்பியா?”

“நானும் போயிட்டா இங்க யாரு இருப்பா?”

“புள்ளத்தாச்சிங்க எல்லாம் அங்க போறாளுங்க. நீ இங்க யாருக்குப் பிரசவம் பாக்கப் போற? எனக்கா?”

வேனே சிரித்தது. மிச்ச வளையல்களை நர்ஸின் கையில் மாட்டி, பூமிகாவுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு, தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள் சௌந்தரநாயகி.