வாடை அடித்தவன்

கண்ணாடிக் குடுவை ஒன்றில் அமிலம் நிறைந்திருந்தது. அதற்குள் ஒரு செப்புத் தகடு, மின்கம்பியில் மாட்டி அன்றுதான் இறக்கப்பட்டிருந்தது. யார் வந்தாலும் முதலில் மோந்து பார்க்கிற சந்தேகப் பிராணி அது.

சற்று நேரத்தில் குடுவைக்குள் ஒரு சொட்டு கந்தகச் சேர்மம் வந்து விழுந்தது. அழுகின வெங்காய நாற்றம். விழுந்ததும் நேராக வந்து தகட்டின் முதுகில் அப்பிக்கொண்டது.

"யாருடா நீ? என் முதுகுல உனக்கென்ன வேலை?" என்றது தகடு.

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

சும்மா யாராவது ஒட்டிக்கொள்வார்களா? கந்தகம் பட்டுக் கறுத்துப்போன செம்புப் பாத்திரங்களைத் தகடு பார்த்திருக்கிறது. இவன் தின்னத்தான் வந்திருக்கிறான் என்று முடிவுகட்டியது. ஆனாலும் ஒரு வார்த்தை அமிலத்திடம் கேட்டது. அமிலத்துக்கு வாடையே கிடையாது. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

"எனக்கும் ஆள் சரியில்லைன்னுதான் படுது," என்றது அமிலம். "கறுத்துட்டா உங்களை யார் மதிப்பா? மின்சாரம் வரும்போது உதறிடுங்க."

மின்சாரம் வந்தது. தகடு உடம்பைச் சிலிர்த்து ஒரே உதறாக உதறியது.

கழன்று போகும்போது கந்தகச் சேர்மம், "இனி உங்க முதுகு திறந்து கிடக்கும். பார்த்து இருந்துக்குங்கண்ணே," என்றது.

போகும்போதும் மிரட்டிவிட்டுப் போகிறான் பார், என்று தகடு கறுவியது.

மின்சாரம் நின்றது. நாற்றமும் இல்லை, பாரமும் இல்லை. சில நாளில் தகடு காகிதமாக மெலிந்தது. அமிலமோ நீலமாகப் பளபளத்தது.

"என்ன அண்ணாச்சி, நாளுக்கு நாள் நிறம் கூடிக்கிட்டே வருது!" என்று தகடு மெல்லிய குரலில் வியந்தது.

"எல்லாம் நீங்க கொடுத்ததுதான்," என்றது அமிலம்.