புதன் மாலைக்குள் இறங்கவும்

திங்கட்கிழமை மதியம், பன்னிரண்டரைக்கு நாலு நிமிடம் இருந்தது. வானிலைத் தாள் வந்துவிட்டது. டெல்ஃபினாவின் சீட்டுதான் வரவில்லை.

புதன் மாலை முதல் தென்துருவக் குளிரோடு தெற்குக் காற்று என்று தாளில் இருந்தது. ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் பனி கொட்டும்.

மார்ச் பாதியிலேயே பனி! பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்குக் கோடை இன்னும் மூட்டை கட்டி முடிக்கவில்லை. கணவாய் அடைபட்டால் மேய்ச்சலுக்கு மேலே போன ஆடும் ஆளும் அங்கேயே விறைக்க வேண்டியதுதான்.

எங்கள் வானொலியில் மதியம் முதலில் வானிலை. அடுத்தது, மலையில் இருப்பவர்களுக்கு வீட்டார் எழுதித் தரும் சேதிகள். மேலே போன் எடுக்காது. அவர்கள் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது.

இருபத்திரண்டு வருடமாக நான்தான் வாசிக்கிறேன். ஊரில் எல்லார் வீட்டுச் சேதியும் என் வாய் வழியாகப் போயிருக்கிறது. எனக்கென்று ஒருத்தரும் ஒரு சீட்டு எழுதியதில்லை.

மற்றவர்கள் வானிலையைக் கேட்டதுமே இறங்கிவிடுவார்கள். ஆட்டுக்காரப் பெரியவர் தோன் எவாரிஸ்தோ மட்டும் அசைய மாட்டார். ரேடியோக்காரி சொன்ன மழையில் தன் தொப்பிகூட நனைந்ததில்லை என்பார். மனைவி டெல்ஃபினா சொன்னால்தான் கிளம்புவார்.

அவளும் வருடா வருடம் சொல்வாள். போன வருடச் சீட்டு இது: "ஏ கிழவா, அங்க என்ன புதையலா தோண்டுற? நாளைக்கே இறங்குற. இல்லேன்னா கதவைச் சாத்திட்டு நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன்."

அதை வாசிக்கும்போது எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்கச் சிரித்தது.

இந்த வருடம் சீட்டு வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து நானே எழுதினேன். எழுதிய கையோடு மைக்கில் வாசித்தேன்.

"எவாரிஸ்தோவுக்கு, டெல்ஃபினா சொல்வது. பனி வருது. புதன் மாலைக்குள் இறங்கி வந்துடு. உன்னைப் பார்க்கணும் போல இருக்கு, என் தங்கமே."

அந்தக் கடைசி வரி எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்ல? யாராவது எனக்குச் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிய வரி அது.

டெல்ஃபினாவை அடக்கம் செய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

மலையில் தனியாக இருப்பவனுக்குச் சாவை ரேடியோவில் சொல்வதில்லை. அது எங்கள் வழக்கம். பாறை விளிம்பில் அழுதுகொண்டு நடக்கிறவன் கால் எங்கே வைப்பான்? அவராக இறங்கி வந்ததும் சொல்லலாம் என்றிருந்தோம். இனி ஆள் அனுப்பலாம் என்றால் மேலே ஏற ஒன்றரை நாள், இறங்க ஒன்றரை நாள். பனி முந்திக்கொள்ளும்.

அவள் குழியில் மண் போட்ட அத்தனை பேரும் அன்று ரேடியோ கேட்டார்கள். ஒருவர்கூட ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. ரொட்டிக் கடைக்காரி மட்டும் மிச்சம் கொடுக்கும்போது என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டாள்.

எவாரிஸ்தோவுக்கும் டெல்ஃபினாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அவர் இறங்கி வந்தால் உண்மையை யார் சொல்வது? வேறு யார், பொய் சொன்னவள்தான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஆடுகளின் சத்தம்.

உயிரோடு வந்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது.

குதிரையை வானொலி நிலைய வேலியில் கட்டிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

"உட்காருங்க, தோன் எவாரிஸ்தோ" என்றேன்.

அவர் உட்காரவில்லை.

"எப்போம்மா போனா?"

"வழியில யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீதானே சொன்னே? நாப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் அவ என்னைத் தங்கம்னு கூப்பிட்டதில்ல, எர்சீலியா. மத்தவங்க சேதியை நீ வாசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் சேணத்தை மாட்டிட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலை, கோழிக்குத் தீனி போடும்போது விழுந்தாள், சிரமப்படவில்லை என்று திக்கித் திக்கிச் சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே பனி ஆரம்பித்திருந்தது. ஊருக்குள்ளேயே.

தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார்.

"அடுத்த வருஷமும் மேலே போய்த்தானே ஆகணும். மார்ச் வந்ததும் நீயே ஏதாச்சும் எழுதி வாசி. ஆனா கொஞ்சற வேலையெல்லாம் வேணாம். நல்லா நாலு திட்டு திட்டு. அப்பதான் இறங்குவேன்."

"சரி" என்றேன்.

அவர் போகவில்லை.

"இப்ப ஒண்ணு திட்டேன். வீடு வரைக்கும் தாங்கும்."

திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமலே நாற்பத்தெட்டு வயதைக் கடந்தவள் நான். வாயைத் திறந்து பார்த்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.