காஷ்மீர் வரைக்கும்

சர்வே இலாகாவில் இருபது வருஷம் இந்தியா முழுக்க நடந்து திரும்பியவர் பொன்னுலிங்கம். பண்ணையார் பகவதியப்ப பிள்ளை கேட்டபடி, அவருடைய குடும்பப் பயணத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தார்.

படித்ததும் பிள்ளை சீறினார்.

“காசிப் படித்துறை, ராஜபுதனத்துக் கோட்டை, காஷ்மீர் ஏரி எல்லாம் இருக்கு. நம்ம ஊரு தேரோட்டத்தப் பாத்துட்டுத்தான் கெளம்பணும், அத முதல்ல எழுதச் சொன்னேனே, ஏன்டே விட்டே?”

“நான் நடந்து பாத்த இடத்தத்தான் எழுதியிருக்கேன்.”

“தேரோடுத வீதியில நடக்காத உள்ளூர்க்காரன் உண்டுமா?”

பொன்னுலிங்கம் ஆத்திரத்தோடு தன் காலைச் சுட்டிக் காட்டினார்.

“காஷ்மீர் வரைக்கும் போன காலுதான். அந்த வீதி முனையில, ‘உனக்க சாதிக்கு இங்க வழியில்ல’ன்னு போன வருஷம் வெரட்டுனது உங்க ஆளுவதானே?”

பிள்ளை குனிந்து காகிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

பொன்னுலிங்கம் காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினார்.

“முதல்ல அந்த வீதியில எங்கூட நடந்து வாங்க. பொறவு காஷ்மீருக்கு வழி சொல்லுதேன்.”