தலைவர் பழுதுபார்த்த கடிகாரம்

"என் கடிகாரத்துல கை வச்சது யாரு?"

பழங்கடிகாரச் சங்கத் தலைவர் போட்ட கூச்சலில் வீடே அதிர்ந்தது.

"நான்தாங்க," என்றாள் மனைவி.

"ஏழு வருஷமா அதோட மல்லுக்கட்டுறேன். ஒவ்வொரு பல்சக்கரமா அரத்தால ராவி, கண்ணே பூத்துப் போச்சு. ஒரே மத்தியானத்துல எல்லாத்தையும் பாழாக்கிட்டியே! சங்கத்துக்காரங்க வர்ற நேரம், என் மானமே போச்சு!"

"பல்சக்கரம் நல்லாத்தான் இருந்துச்சு. அச்சு உக்கார்ற ஓட்டைதான் தேய்ஞ்சு அகலமாயிருந்துச்சு. சின்னதா ஒரு பித்தளை வளையம் அடிச்சு வச்சேன், அவ்வளவுதான்."

"அடிப்பாவி! 'இந்தக் கடிகாரத்தை உலகத்துல யாராலயும் ஓட வைக்க முடியாது'ன்னு இன்னிக்கு ஒரு மணி நேரம் பேசப்போறேன்டி!"

சுவரில் கடிகாரம் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் அழைப்பு மணி ஒலித்தது.

"ஐயோ, வந்துட்டாங்க! முதல்ல அதை நிறுத்தித் தொலை!"

"நிறுத்துறது உங்களுக்குக் கைவந்த கலையாச்சே. நான் போய்க் கதவைத் திறக்கிறேன்."