வதனியின் சப்பாத்து

சனிக்கிழமைகளில் பனிதேச நகரமான வைலேயில் பாலர் பள்ளி பூட்டு. மீன் தொழிற்சாலை மட்டும் திறந்திருக்கும். வேலை முடிந்த கையோடு, மீன் வாடை போகாத விரல்களில், கைமாறாகக் கொண்டுவந்த கறிப்பெட்டியைப் பிடித்தபடி தங்கராணி, கோணேசன் அண்ணையின் அறை வாசலில் நிற்கிறாள். காசு வாங்காமல் பிள்ளை பார்க்கிற மனிதர். நாளைக்கும் வேலை இருக்கிறது. எந்த முகத்தோடு கேட்பது? சன்னலோரப் பனி வெளிச்சத்தில் அவர் குந்தியிருந்து, அவள் மகள் நிலுஷாவின் கால்களில் புதுச் சிவப்புச் சப்பாத்துக்கு நாடா கட்டுகிறார். "இது ஆரின்ர, அண்ணை?" "ஊரில இருக்கிற என்ர மகள் வதனிக்கு வாங்கினது. விசா வருமெண்டு பாத்துப் பாத்து மூண்டு வருசம். இனி அவளுக்குக் கொள்ளாது." முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டுகிறார். தங்கராணி கறிப்பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள். "தங்கச்சி, குறை நினையாதேங்கோ," அவர் நிமிராமலே கேட்கிறார், "நாளைக்கும் பிள்ளையைக் கொண்டந்து விடுவியளோ?"