எல்மருக்கு எதற்குப் புகை

காலை ஒன்பதே கால். மூன்றாவது முறையாக மணியை அழுத்தினார் எல்மர் சகானி.

நர்ஸ் கிர்ஸ்டி ஓடி வந்தாள். கீமோ மருந்து அதுபாட்டுக்குக் கையில் ஏறிக்கொண்டிருந்தது. அதில் கோளாறு இல்லை.

"என்ன வேணும், மிஸ்டர் சகானி?"

"புகை."

"இப்பதானே போட்டோம்?"

"பத்தல. அதென்ன, குழந்தைக்கு விசிறி விடற மாதிரி? கொசு விரட்டற மாதிரி வீசும்மா. இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம்."

கிர்ஸ்டி பயபக்தியுடன் சிப்பியில் சேஜ் என்ற மூலிகை இலையைக் கொளுத்திக் கழுகிறகால் வீசினாள். எல்மர் தாளம் போட்டுக்கொண்டு உரத்த குரலில் சர்ச் பாட்டுப் பாடினார். எதிர் வரிசை நோயாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கிர்ஸ்டி திரையை விலக்கி, பக்கத்து நாற்காலிப் பெண்மணியிடம் கேட்டாள்.

"ஐரீன் அம்மா, புகை தொந்தரவா இருக்கா? வேற ரூமுக்கு மாத்தட்டுமா?"

"இருக்கட்டும்."

"உங்களுக்கும் போடட்டுமா? வேணுமா?"

"வேண்டாம்."

வாராவாரம் இதே கேள்வி, இதே பதில்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற வெர்னா மூனியாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அந்தம்மா வேறு பொறுத்துப் போகிறார்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தவள் வெர்னா. ஆனிஷினாபே பூர்வகுடி ஜனங்களின் மருந்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. மூலிகைப் பையைக் குப்பையில் போடாதே. வேண்டுமா என்று வாய்விட்டுக் கேள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. ஆஸ்பத்திரிக்குள் அவர்களுடைய பிரார்த்தனைக்காக ஒரு சிட்டிகை இலை புகைய அவள் ஏறாத படியில்லை. கடைசியில் ஆறு மாத அனுமதி கிடைத்தது. அதுவும் சோதனைக்கு.

அதை இந்த மனுஷர் கூத்தாக்கிக்கொண்டிருந்தார்.

எல்மர் அவளுக்குச் சொந்த அத்தை மகன். அவர்கள் ஊரில் அத்தை மகனும் மாமன் மகளும் கேலி பேசாமல் இருந்தால்தான் என்ன சண்டை என்று கேட்பார்கள். ஆனால் இது வேறு. எல்மர் ஆங்கிலிக்கன் சர்ச்சில் முன்வரிசை ஆள். ஊரில் யாராவது சேஜ் கொளுத்தினால், "யார் வீட்டுச் சட்டி அடிப்பிடிக்குது?" என்று கேட்கிறவர். அவருக்குத் திடீரென்று எதற்குப் புகை?

போன செவ்வாய்க்கிழமை "இன்னும், இன்னும்" என்று அவர் சொல்லச் சொல்லக் கிர்ஸ்டி வீச, அலாரம் அலறித் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. பூட்ஸும் தொப்பியுமாக நுழைந்தவர்களிடம் எல்மர், "குழாயைக் கீழ வையுங்க தம்பிகளா. எனக்கு ஏற்கெனவே ஒரு குழாய் போட்டிருக்கு" என்றார்.

பிரிவே சிரித்தது. மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா அனுமதி ரத்து, வெர்னா. யாருக்கும் கிடையாது."

இன்று வெர்னா முடிவோடுதான் வந்திருந்தாள். ஐரீன் டிரிப்ஸ் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனதும் உள்ளே நுழைந்தாள்.

"அத்தான், போதும். இனிமே உங்களுக்குப் புகை கிடையாது."

"என்ன மாமன் மகளே, உன்னைக் கட்டிக்கலன்னு இன்னும் கோபமா?"

"தப்பிச்சேன்னு தினமும் கும்பிடறேன். விளையாடாதீங்க. நம்பிக்கை இல்லாத மனுஷருக்கு எதுக்கு இது? உங்க கூத்தால நாளைக்கு நிஜமா வேணுங்கறவங்களுக்கு இல்லாமப் போயிடும்."

எல்மர் சிரிப்பை நிறுத்தினார். பக்கத்து நாற்காலி காலிதானா என்று எட்டிப் பார்த்தார்.

"ஐரீனும் நானும் ஒரே ஸ்கூல். நம்ம வழக்கத்தை மறக்கடிக்கணும்னு நம்ம பிள்ளைங்களை வீட்டுலேர்ந்து பிடிச்சுட்டுப் போய் அடைச்சாங்களே, அந்த ஸ்கூல். அவளுக்கு ஏழு வயசு. அம்மா கொடுத்த சேஜ் ஒரு கொத்தைக் காலுறைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா. கண்டுபிடிச்சுட்டாங்க. எங்க எல்லாரையும் நிக்கவெச்சு, எங்க முன்னாடியே அடிச்சாங்க. 'வேணுமா, இன்னும் வேணுமா'ன்னு கேட்டுக் கேட்டு. அவ 'வேண்டாம்'ங்கற வரைக்கும்."

வெர்னா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"உன் நர்ஸுங்க நல்ல மனசோடதான் கேக்கறாங்க. ஆனா கேக்கறது அதே கேள்வி. அவ வேற என்ன பதில் சொல்லுவா?"

"அதுக்கு நீங்க..."

"எனக்கு வேணும்னு நான் சொன்னா முடிஞ்சுது, அவ வாயைத் திறக்க வேண்டியதில்ல. நான் கூத்தடிச்சா எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க. திரைக்கு அந்தப் பக்கம் அவ ரெண்டு கையாலயும் புகையை அள்ளித் தலையில தடவிக்குவா. யாரும் பார்க்க மாட்டாங்க."

கம்பத்தின் சக்கரச் சத்தம் கேட்டது. ஐரீன் வந்து உட்கார்ந்தார். திரை அசைந்து நின்றது.

"எங்கேம்மா என் புகை?" என்று உரக்கக் கேட்டார் எல்மர். "ஒரு கிழவனை இப்படியா காக்க வைக்கறது?"

வெர்னா சிப்பியைத் தானே எடுத்தாள்.

"தீயணைப்பு வண்டி மட்டும் வேண்டாம், அத்தான்" என்றாள். இறகைக் கையில் எடுத்து, அந்தப் பக்கமாக வீசினாள்.

2019 செப்டம்பர் 24-ஆம் தேதியோடு எல்மரின் கீமோ முடிந்தது. ஐரீனுடையது இன்னும் முடியவில்லை. அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை, கையில் டிரிப்ஸ் எதுவும் இல்லாமல் எல்மர் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, புகை கேட்டார்.